மதுவிலக்குக் கால போர்பன்: பாட்டிலைப் படித்து, வாங்கி, சுவைக்க முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கு என்றதும் மது கடத்தல் தாதா அல் கபோனும் ரகசிய மதுக்கூடங்களும் கள்ளச்சாராயமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் காலத்து போர்பன் (மக்காச்சோளத்தை முக்கியமாக வைத்துக் காய்ச்சும் அமெரிக்க விஸ்கி) என்று இன்று ஏலத்துக்கு வருவதில் பெரும்பகுதி, அரசு அனுமதியோடு டாக்டர் சீட்டுக்கு மருந்துக்கடையில் விற்ற சரக்கு. நமக்கு அதில் ஒரு பெரிய வசதி உண்டு. யார் காய்ச்சினார்கள், எந்த வருடம் காய்ச்சினார்கள், எப்போது பாட்டிலில் அடைத்தார்கள் என்பதெல்லாம் பாட்டிலின் மேலேயே எழுதியிருக்கும். இந்த ஆசையில் பணத்தை விட்டவர்களில் அநேகம் பேர் அந்த எழுத்தைப் படிக்காமல், பிராண்டு பெயரைப் பார்த்து மயங்கியவர்கள்.

முதல் படி: வருடக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பாட்டிலைத் தொடுவதற்கு முன் சில வருடங்கள் மனதில் நிற்க வேண்டும். போலியைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

1897-ல் வந்தது பாட்டில்ட்-இன்-பாண்ட் சட்டம். ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் காய்ச்சி, அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 வருடம் பீப்பாயில் வைத்து, 100 ப்ரூஃபில், அதாவது 50 சதவீத ஆல்கஹாலில் அடைத்த விஸ்கிக்குத்தான் 'பாண்டட்' முத்திரை. பருவம் இரண்டுதான்: ஜனவரி முதல் ஜூன் வரை வசந்தம், ஜூலை முதல் டிசம்பர் வரை இலையுதிர் காலம். பாண்டட் பாட்டிலின் மூடிக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு நீளமான வரி முத்திரை ஒட்டப்படும். சேகரிப்பாளர்கள் ஸ்ட்ரிப் ஸ்டாம்ப் என்பது இதைத்தான்.

அடுத்தது 1917. முதல் உலகப் போருக்காகத் தானியத்தைச் சேமிக்க வேண்டும் என்று, அந்த வருடம் செப்டம்பரில் குடிப்பதற்கான மதுவைக் காய்ச்சுவதையே நிறுத்தினார்கள். போர் முடிந்து நிலைமை சீராவதற்குள் மதுவிலக்கு வந்துவிட்டது. 1920 ஜனவரி 17-ல் அது அமலானபோது கிடங்குகளில் ஏராளமான பீப்பாய்கள் தேங்கியிருந்தன. மருந்துக்கென்று அனுமதி வாங்கிச் சிலர் கொஞ்ச காலம் காய்ச்சினார்கள். 1921 நவம்பரில் வந்த வில்லிஸ்-கேம்ப்பெல் சட்டம், இருக்கிற சரக்கு தீரும்வரை புதிதாகக் காய்ச்ச வேண்டாம் என்று அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது.

ஆக, மருந்துக்கடையில் விற்றதெல்லாம் பெரும்பாலும் மதுவிலக்குக்கு முன்பு காய்ச்சியதுதான். அதை அடைத்து விற்கும் அனுமதி ஆறு நிறுவனங்களுக்குக் கிடைத்தது: அமெரிக்கன் மெடிசினல் ஸ்பிரிட்ஸ், பிரௌன்-ஃபோர்மன், ஃபிராங்க்ஃபர்ட் டிஸ்டிலரீஸ், க்ளென்மோர், ஷென்லி, ஆர்தர் பிலிப் ஸ்டிட்செலின் நிறுவனம். மூடிப்போன சிறு வடிசாலைகளின் பீப்பாய்களில் திருட்டு தாங்கவில்லை. 1923-ல் செயின்ட் லூயிஸில் ஜாக் டேனியல் கிடங்கில் நூற்றுக்கணக்கான பீப்பாய்களைக் குழாய் வைத்து உறிஞ்சிவிட்டுத் தண்ணீரை நிரப்பிவைத்த கதை பிரசித்தம். சிதறிக் கிடந்த பீப்பாய்களை ஒரே இடத்தில் காவலோடு வைக்க 1922-லேயே சட்டம் வந்திருந்தது. அப்படிக் கை மாறிய சரக்குதான் பல பெயர்களில் வெளியே வந்தது.

கையிருப்பு கரைந்துபோக, 1929-ல் மறுபடி காய்ச்ச அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் அது 4 வருடம் பூர்த்தியாகி பாண்டட் ஆவதற்குள், 1933 டிசம்பர் 5-ல் மதுவிலக்கே போய்விட்டது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு முத்திரையைப் பாருங்கள். 'காய்ச்சியது வசந்தம் 1916, அடைத்தது இலையுதிர் காலம் 1929' என்றிருந்தால் சரியான ஜாதகம். 'காய்ச்சியது 1925' என்றிருந்தால் விற்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: வாங்குவதற்கு முன் ஒரு பெக் குடித்துப் பாருங்கள்

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. 4 வருடம் இருக்க வேண்டிய சரக்கு 12, 14 வருடம் என்று பீப்பாயில் கிடந்தது. யாரும் திட்டமிட்டு அப்படி வைக்கவில்லை, விற்க வழியில்லாமல் கிடந்தது. போர்பனின் தாயகமான கென்டக்கி மாநில வெயிலில் அத்தனை வருடம் கருக்கிய ஓக் மரத்தோடு கிடந்தால் மரத்தின் துவர்ப்பு தூக்கலாக ஏறிவிடும். சில பாட்டில்கள் அற்புதம். சில பாட்டில்களைக் குடித்தால் கதவுச் சட்டத்தை நக்கியது போலிருக்கும். உங்கள் நாக்குக்கு இது ஒத்துவருமா என்று தெரியாமல் பெரிய தொகையைப் போடாதீர்கள்.

கென்டக்கியில் 2017-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 2018 ஜனவரி முதல் உரிமம் உள்ள கடைகளும் பார்களும், தனிநபர்களிடமிருந்து திறக்காத பழைய பாட்டில்களை வாங்கி விற்கலாம். அதற்குப் பிறகு லூயிவில், லெக்ஸிங்டன் பக்கம் பழைய விஸ்கியைச் சிறு அளவில் ஊற்றித் தரும் இடங்கள் பெருகின. சின்சினாட்டிக்கு ஆற்றின் இக்கரையில் உள்ள கவிங்டனில் ரிவைவல் என்ற கடை இதற்கென்றே இருக்கிறது. வாஷிங்டனில் ஜாக் ரோஸ் பாரின் சுவர் முழுக்க விஸ்கிதான். எங்கே போனாலும் அரை அவுன்ஸ், அதாவது 15 மில்லி கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்த விலைக்கு அப்படிக் கேட்பதுதான் வழக்கம்.

ஒரே வாய்ப்புதான் என்றால் போர்பன் ஒன்று, ரை என்ற தானியத்தில் காய்ச்சும் ரை விஸ்கி ஒன்று என்று இரண்டையும் வாங்கிப் பாருங்கள். அந்தக் காலத்துப் பென்சில்வேனியா, மேரிலாந்து ரை விஸ்கிகள் நீண்ட பீப்பாய் வாசத்தைப் பல போர்பன்களைவிட நன்றாகத் தாங்கியிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். ஓல்ட் ஓவர்ஹோல்ட், மவுன்ட் வெர்னான் என்ற பெயர்களைப் பார்த்தால் விடாதீர்கள்.

மூன்றாம் படி: எங்கே வாங்குவது

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாத ஒருவர் இன்னொருவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம். ஈபே 2012-லேயே சேகரிப்பு மது விற்பனையை நிறுத்திவிட்டது. அமெரிக்க அரசுத் தபாலில் மது அனுப்பக் கூடாது. சமூக ஊடகத்தில் 'தாத்தா வீட்டு நிலவறையில் கிடைத்தது' என்று படம் போட்டு முன்பணம் கேட்பவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மிஞ்சுவது இரண்டு வழிகள். கென்டக்கியில் உரிமம் உள்ள பழைய பாட்டில் கடை ஒன்று, ஏலம் இன்னொன்று. சோத்பீஸ், போன்ஹாம்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களும், சிகாகோவின் யூனிகார்ன், ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆக்‌ஷனியர் போன்ற இணைய ஏலங்களும் இதை விற்கின்றன. விலை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். ஏலத்தில் நீங்கள் கேட்ட விலைக்கு மேல் நிறுவனத்தின் கமிஷன், வரி, காப்பீடு, அனுப்பும் செலவு எல்லாம் சேரும். கடைசியில் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று முதலிலேயே கூட்டிப் பார்த்துவிட்டு, உச்ச விலையைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு உட்காருங்கள்.

விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால், 70 சதவீதத்துக்கு மேற்படாத மதுவை செக்-இன் பெட்டியில் 5 லிட்டர் வரை வைக்க விமான விதி இடம் தருகிறது. இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் 2 லிட்டர். ஆனால் நூறு வயதை நெருங்கும் கார்க் இருக்கிறதே, அது காற்றழுத்த மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். மூடியைச் சுற்றி பாராஃபில்ம் என்ற மெழுகுப் படலத்தைச் சுற்றி, ஜிப் பையில் போட்டு, நிமிர்த்தியே வையுங்கள்.

பாட்டிலுக்குப் பணம் போதாது என்றால் மருந்துச்சீட்டு சேகரிக்கலாம். அரசே அச்சடித்துக் கொடுத்த 1403-ஆம் எண் படிவத்தில் டாக்டர் எழுதித் தருவார். ஒரு நோயாளிக்கு 10 நாளைக்கு ஒரு பைண்ட்தான் உச்சம். 1931 டிசம்பரில் நியூயார்க்கில் கார் மோதி அடிபட்ட வின்ஸ்டன் சர்ச்சிலுக்குக்கூட, உணவு நேரத்தில் மது அவசியம் என்று டாக்டர் சீட்டு எழுதிக்கொடுத்தார். குறைந்தபட்ச அளவு 250 மில்லி என்று அதில் குறித்திருந்தது. அதிகபட்சம் எழுதவில்லை! சாதாரண நோயாளிகளின் சீட்டுகள் பாட்டில் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். சட்டம் ஏதும் குறுக்கே வராது.

நான்காம் படி: பாட்டிலைப் படிப்பது

அளவில் தொடங்குங்கள். மருந்து விஸ்கி பெரும்பாலும் பைண்ட் பாட்டிலில், அதாவது 473 மில்லி அளவில் வந்தது. நம்மூர் ஹாஃபைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மருத்துவப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வாசகம் லேபிளிலோ அட்டைப்பெட்டியிலோ இருக்கும். பெட்டியோடு கிடைத்தால் விலை கூடும், நம்பகத்தன்மையும் கூடும்.

அடுத்து கண்ணாடி. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இந்த பாட்டிலை மறுபடி விற்பதையும் பயன்படுத்துவதையும் கூட்டரசுச் சட்டம் தடைசெய்கிறது என்ற பொருளில் ஆங்கில வாசகம் கண்ணாடியிலேயே புடைத்திருந்தால், அந்த பாட்டில் மதுவிலக்குக் காலத்தது இல்லை. 1935 முதல் 1964 வரைதான் அந்த வாசகம் கட்டாயமாக இருந்தது. நல்ல விஸ்கியாகவே இருக்கலாம், ஆனால் மதுவிலக்கு விலை கொடுக்காதீர்கள். பிறகு அடிப்பாகத்தைப் பாருங்கள். ஓவன்ஸ் நிறுவனமும் இல்லினாய் கிளாஸ் நிறுவனமும் இணைந்தது 1929-ல்தான். அதற்குப் பிறகு வந்த கூட்டுக் குறி, படுக்கைவாக்கில் ஒரு வைரவடிவம், அதன் மேல் ஒரு வட்டம், நடுவே ஒரு கோடு. இந்தக் குறி அடியில் இருக்க, முத்திரையில் 'அடைத்தது 1924' என்றிருந்தால் இரண்டில் ஒன்று பொய். இந்த ஒரு சோதனைக்கு விற்பவரிடம் அடிப்பாகப் படம் கேட்டாலே போதும். கேட்டும் அனுப்பவில்லை என்றால் காரணம் உங்களுக்கே புரியும்.

முத்திரைக்கு அதிக நேரம் கொடுங்கள். அது மூடியின் மேல் குறுக்காகப் போய் இரண்டு பக்கமும் கழுத்தில் இறங்கும். பாட்டிலைத் திறந்தால் முத்திரை கிழிந்தாக வேண்டும். மடிப்பில் லேசாக விரிசல் இருப்பது இயல்பு, பழைய காகிதம் அப்படித்தான் ஆகும். ஆனால் கிழிசலின் இரு பக்கமும் கோடுகள் பொருந்தவில்லை, ஓரத்தில் புதுப் பசை மினுக்குகிறது, முத்திரைக்குக் கீழே உள்ள கண்ணாடியில் மேலே உள்ள அதே அழுக்கு படிந்திருக்கிறது என்றால் யாரோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

கையில் ஒரு சிறு புற ஊதா டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். ரூபாய் நோட்டு பார்க்கப் பயன்படுத்துவதே போதும். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் பிரகாசமூட்டி ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே காகிதத்தில் புழக்கத்துக்கு வந்தன. இருட்டில் டார்ச் அடித்ததும் லேபிள் நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னினால் அது பிற்காலக் காகிதம். மின்னவில்லை என்பதால் அசல் என்றாகிவிடாது. பழைய காகிதத்தில் அச்சடிக்கிற கில்லாடிகளும் உண்டு.

அப்புறம் மது மட்டம். பல பத்து வருடங்களில் கார்க் வழியாகக் கொஞ்சம் ஆவியாவது சகஜம். கழுத்துக்குக் கீழே, தோள் பக்கம் நின்றால் கவலையில்லை. தோளுக்கும் கீழே வெகுவாக இறங்கியிருந்தால் உள்ளே காற்று வேலை செய்திருக்கும், சுவை தட்டையாகியிருக்கும். முத்திரை நைந்து, கார்க் சுருங்கியிருக்கும்போது மது மட்டும் கழுத்து விளிம்பு வரை நிறைந்து நின்றால் அதுவும் நல்லதல்ல, யாரோ மறுபடி நிரப்பியிருக்கலாம். நிறத்தையும் வயதோடு பொருத்திப் பாருங்கள். 13 வருடம் கருக்கிய பீப்பாயில் இருந்தது அடர்ந்த செம்பழுப்பாக இருக்க வேண்டும். அடியில் மெல்லிய மண்டி இருந்தால் பயம் வேண்டாம், பழைய விஸ்கியில் அது வரும்.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் இடம்: பின் லேபிளும் முத்திரையின் பொடி எழுத்தும். முன்னால் பெரிதாக ஒரு பிராண்டு இருக்கும். காய்ச்சியவர் பெயரைப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஒரு சிறு வடிசாலையாக இருக்கும். ஆறு நிறுவனங்கள் மற்றவர்களின் பீப்பாய்களை வாங்கி அடைத்ததன் விளைவு இது. மதுவிலக்கில் மூடி, பிறகு திறக்கவே செய்யாத வடிசாலைகள் கென்டக்கியில் நிறைய. அவற்றின் விஸ்கி இந்தப் பாட்டில்களில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது. கேள்விப்படாத பிராண்டு, ஆனால் காய்ச்சிய வடிசாலை அருமையானது என்ற வகைப் பாட்டில்தான் விலைக்கு மதிப்புள்ள வாங்கல். ஓல்ட் கிராண்ட்-டேட், ஓல்ட் டெய்லர், ஓல்ட் ஃபாரஸ்டர் என்று எல்லோரும் துரத்தும் பெயர்களுக்குப் போட்டி அதிகம், போலியும் அதிகம்.

ஐந்தாம் படி: எதைக் குடிக்கவே கூடாது

முத்திரை இல்லாத, லேபிள் இல்லாத 'கள்ளக்கடத்தல் பாட்டில்' என்று ஒன்று வந்தால் அலமாரியில் வையுங்கள், வாயில் வைக்காதீர்கள். அன்று கள்ளச்சந்தைக்குப் போன சரக்கில் பெரும்பகுதி தொழிற்சாலை ஆல்கஹாலைத் திருடிச் சுத்தம் செய்தது. குடிக்க முடியாதபடி அதில் மெத்தனால் போன்ற விஷங்களைக் கலக்க அரசே உத்தரவு போட்டிருந்தது. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க்கில் அதைக் குடித்துப் பலர் செத்தார்கள். 1930-ல் ஜமைக்கா இஞ்சிச் சாறு என்ற பெயரில் விற்றதில் கலந்திருந்த ரசாயனத்தால் ஆயிரக்கணக்கானோருக்குக் கால் விளங்காமல் போனது. மெத்தனால் எத்தனை வருடமானாலும் பாட்டிலுக்குள் அப்படியேதான் இருக்கும்.

போலி முத்திரையும் அந்தக் காலத்திலேயே உண்டு. காகிதம் பழையதுதான், முத்திரை மட்டும் பொய். அதனால்தான் வருடக் கணக்கு, கண்ணாடிக் குறி, பாட்டில் எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்ற விவரம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்கிறேன். ஒன்று இடித்தாலும் அது பார்வைக்கு மட்டும்.

ஆறாம் படி: வைத்திருப்பது

ஒயின் போலப் படுக்கவைக்காதீர்கள். 50 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். நிமிர்த்தி, வெயில் படாமல், வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வையுங்கள். சென்னை வீடுகளில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை வேண்டவே வேண்டாம். லேபிளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அந்தத் தூசிக்கும் விலை உண்டு.

ஏழாம் படி: திறந்து சுவைப்பது

முந்தின நாளே பாட்டிலை அசையாமல் நிறுத்தி மண்டி இறங்க விடுங்கள். கூர்மையான பிளேடால் முத்திரையை மூடியின் விளிம்போடு நேராக அறுங்கள். கிழிக்காதீர்கள், அந்தக் காகிதம் பின்னால் வேண்டும். கார்க்குக்கு இரட்டைத் தகடு உள்ள திறப்பான்தான் சரி. திருகாணி போட்டால் பொடிப்பொடியாகப் போகும். அப்படியும் உள்ளே விழுந்துவிட்டால் காபி ஃபில்டர் தாளைச் சுடுநீரில் அலசி, அதன் வழியாகச் சுத்தமான கண்ணாடிக் குடுவையில் வடிகட்டிவிடுங்கள்.

துலிப் வடிவக் கிளாஸில் 15 மில்லி. ஊற்றியதும் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் விடுங்கள். முதலில் பூட்டிக் கிடந்த அறையின் நெடி அடிக்கும், பெரும்பாலும் அது போய்விடும். ஒரு மணி நேரம் கழித்தும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை போகவில்லை என்றால் கார்க் கெட்டிருக்கிறது, பாட்டில் போயிற்று. நல்ல பாட்டிலாக இருந்தால் பழைய தோல், புகையிலை, கிராம்பு, முற்றிய வெல்லப்பாகு, உலர்ந்த கறுப்பு திராட்சை என்று ஒன்றன்பின் ஒன்றாக மணம் எழும். வாயில் எண்ணெய்ப் பதமாக ஒட்டும். இறுதியில் துவர்ப்பு வரும். அது நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மரம் அதிகம், தொண்டையில் இனிப்போடு கரைந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

தண்ணீர் கடைசியில்தான், அதுவும் துளிக்கணக்கில். இப்படிப்பட்ட பழைய விஸ்கி தண்ணீர் பட்டதும் சில சமயம் உடைந்துபோகும். ஐஸ், சோடா பற்றிப் பேச வேண்டாம்.

பக்கத்திலேயே இன்றைய ஓல்ட் கிராண்ட்-டேட் பாண்டட் ஒரு சிறு கிளாஸில் வைத்து ஒப்பிடுங்கள். அதே 100 ப்ரூஃப், விலையும் மலிவு. அன்றைய சரக்கு ஏன் அத்தனை கனமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் வயது மட்டும் இல்லை. பீப்பாய்க்குள் ஊற்றும் மதுவின் உச்ச வலிமை 110 ப்ரூஃபாக இருந்தது, 1962-ல் அதை 125 ஆக்கினார்கள். வலிமையாக ஊற்றினால் பின்னால் அதிகத் தண்ணீர் சேர்த்து அடைக்கலாம், பீப்பாய்ச் செலவு மிச்சம். அன்று குறைந்த வலிமையில் ஊற்றியதால் பீப்பாயிலிருந்து வந்தது பெரிதாக நீர்க்காமல் பாட்டிலுக்குப் போனது. 'ஓல்ட் ஃபாரஸ்டர் 1920' என்று மதுவிலக்குப் பாணியில் இப்போது விற்பது 115 ப்ரூஃப். நல்ல விஸ்கிதான், ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு உதவாது.

எட்டாம் படி: திறந்த பிறகு

திறந்த பாட்டில் பல வருடம் தாங்கும் என்று நினைக்காதீர்கள். பழைய விஸ்கி காற்றுபட்டுச் சீக்கிரம் சோர்ந்துவிடும். முதல் நாளே நாலைந்து நண்பர்களைக் கூப்பிடுங்கள், மிச்சத்தை விளிம்பு வரை நிறையும் சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி இறுக்கி மூடி, முத்திரையில் உள்ள வருடங்களையும் திறந்த தேதியையும் ஒட்டிவையுங்கள்.

காலி பாட்டிலைக் கேட்டும் ஆள் வருவார்கள், நல்ல விலையும் சொல்வார்கள். மறுபடி நிரப்பி விற்கிறவர்களுக்கு அசல் கண்ணாடியும் அசல் லேபிளும்தான் மூலதனம். அறுத்த முத்திரையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பின் லேபிளின் மேல் அழியாத மையில் திறந்த தேதியை எழுதிவிடுங்கள்.